சரியான கோட்பாடு, தோற்ற மாத்திரை

1993 மே மாதம், 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' ஒரே இதழில் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டது. ஒன்று, 87,245 அமெரிக்கச் செவிலியர்களை எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. மற்றொன்று, மருத்துவத் துறையில் வேலை பார்க்கும் ஏறத்தாழ 40,000 ஆண்களைப் பற்றியது. இரண்டும் ஒரே திசையைக் காட்டின. வைட்டமின் ஈ மாத்திரையை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் விடாமல் எடுத்துக்கொண்ட செவிலியர்களுக்கு இதயத் தமனி நோய் வரும் வாய்ப்பு 40 சதவீதம் அளவுக்குக் குறைவாக இருந்தது. ஆண்களிடமும் கிட்டத்தட்ட அதே கதை. மலிவான மாத்திரை, கடையில் சீட்டில்லாமல் கிடைப்பது, பக்க விளைவு என்று பெரிதாக எதுவும் தெரியாதது. அமெரிக்காவில் இதய மருத்துவர்களில் பலரே அதை விழுங்கத் தொடங்கினார்கள்.

ஏழு ஆண்டுகள் கழித்து, 2000 ஜனவரியில், அதே இதழில் 'ஹோப்' என்ற ஆய்வின் முடிவு வந்தது. மாரடைப்பு அபாயம் அதிகமுள்ள 9,541 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு நாளொன்றுக்கு 400 யூனிட் வைட்டமின் ஈ, மறுபாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை என்று நாலரை ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். வைட்டமின் குழுவில் 16.2 சதவீதம் பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ இதய நோயால் மரணமோ நேர்ந்தது. வெற்று மாத்திரைக் குழுவில் 15.5 சதவீதம். அதாவது பலன் துளியும் இல்லை.

அந்த மாத்திரையின் பின்னால் இருந்தது, இரத்தக் குழாயைக் கெடுப்பது ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்ற கோட்பாடு. ஹோப் முடிவைப் படித்துவிட்டு 'ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்பதெல்லாம் வெறும் பேச்சு' என்று முடிவு கட்டினால், அது மாத்திரையை நம்பியதைவிடப் பெரிய பிழை. அந்தக் கோட்பாடு நல்ல சோதனைகளில் பிறந்தது. இரத்தக் குழாய் எப்படிக் கெடுகிறது என்பதற்கு நம்மிடம் உள்ள மிகத் தெளிவான விளக்கங்களில் அதுவும் ஒன்று. கோட்பாடு சரியாக இருந்தும் அதிலிருந்து பிறந்த மருந்து ஏன் தோற்றது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி. அதற்குக் குழாயின் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

தமனியின் உட்சுவரை ஒரே ஒரு செல் தடிமனுள்ள படலம் மூடியிருக்கிறது. எண்டோதீலியம் என்று பெயர். இரத்தம் வழுக்கிக்கொண்டு ஓட உதவும் பூச்சு என்ற அளவில்தான் நெடுங்காலம் அதை நினைத்திருந்தார்கள். அந்த எண்ணம் உடைந்த இடம் நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட்டின் ஆய்வகம். முயலின் பெருந்தமனியிலிருந்து ஒரு கீற்றை வெட்டி, உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, மருந்துக்கு அது சுருங்குகிறதா விரிகிறதா என்று அளப்பது அவருடைய பல ஆண்டு வேலை. அசிட்டைல்கோலின் விட்டால் அவருடைய கீற்று சுருங்கும். ஆனால் உயிருள்ள விலங்கின் உடலில் செலுத்தினால் அதே மருந்து குழாயை விரிக்கும். முரண்பாடு வெகுகாலம் தீராமல் கிடந்தது.

1978இல் வேறொரு சோதனையின் போது, சுருங்க வேண்டிய துண்டு தளர்ந்தது. தேடிப் பார்த்ததில் காரணம் எளிமையானது. அதுவரை கீற்று வெட்டும்போதெல்லாம் அதன் உட்பக்கம் விரலிலோ கருவியிலோ உரசிப் படலம் தேய்ந்துபோயிருந்தது. படலம் கெடாமல் வெட்டிய துண்டுகள் தளர்ந்தன, தேய்ந்தவை சுருங்கின. ஃபர்ச்காட் அடுத்துச் செய்ததுதான் அழகு. படலம் உரித்த ஒரு கீற்றையும் படலம் உள்ள ஒரு கீற்றையும் உட்பக்கம் உட்பக்கத்தைப் பார்க்கும்படி சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டார். அசிட்டைல்கோலின் விட்டதும், உரித்த கீற்றும் தளர்ந்தது. படலத்திலிருந்து ஏதோ ஒன்று வெளியேறி, பக்கத்துத் தசைக்குப் போய் 'விரி' என்று சொல்கிறது. 1980இல் இதை வெளியிட்டார். அந்த 'ஏதோ ஒன்று' நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்று 1987 வாக்கில் உறுதியானது. 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் நோபல் பரிசு. நெஞ்சுவலி வந்தால் நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை நம்மூரில் எத்தனையோ சட்டைப்பைகளில் இருக்கிறது. அது உடலுக்குள் போய்க் கொடுப்பதும் இதே வாயுவைத்தான்.

நைட்ரிக் ஆக்சைடு குழாயை விரிப்பதோடு நிற்பதில்லை. இரத்தத் தட்டணுக்கள் சுவரில் ஒட்டாமலும், வெள்ளணுக்கள் சுவரைத் துளைத்து உள்ளே போகாமலும் பார்த்துக்கொள்கிறது. ஆகவே அது குறைந்தால் குழாய் இறுகும், உறையும், அழற்சி கொள்ளும். மூன்றும் சேர்ந்தால் மாரடைப்புக்கான களம் தயார். அதைக் குறைப்பது எது?

1986இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒரே விடையைக் கண்டன: சூப்பர் ஆக்சைடு. ஆக்சிஜன் மூலக்கூறு கூடுதலாக ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டால் பிறப்பது அது. 'ஃப்ரீ ராடிக்கல்' என்று விளம்பரங்கள் அச்சுறுத்தும் கூட்டத்தில் முக்கியமான ஆள். சூப்பர் ஆக்சைடும் நைட்ரிக் ஆக்சைடும் எதிர்ப்பட்டால் அந்தக் கணமே இணைந்துவிடும். வேதியியலில் இதைவிட வேகமான வினை அரிது. சூப்பர் ஆக்சைடை அழிப்பதற்கென்றே நம் செல்களில் ஒரு நொதி இருக்கிறது. மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் 1969இல் கண்டறிந்த அந்த நொதியையும் முந்திக்கொண்டு நைட்ரிக் ஆக்சைடு சூப்பர் ஆக்சைடைப் பிடித்துவிடுகிறது. விளைவாக இரண்டு கேடு. குழாயைக் காக்கும் வாயு காணாமல் போகிறது. அதன் இடத்தில் பெராக்சிநைட்ரைட் என்ற கொடிய ஆக்சிஜனேற்றி வந்து உட்காருகிறது.

அந்தப் பெராக்சிநைட்ரைட் செய்யும் வேலையில் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நொதிக்கு டெட்ராஹைட்ரோபயாப்டெரின் என்று ஒரு துணைப்பொருள் தேவை. பெராக்சிநைட்ரைட் அதை ஆக்சிஜனேற்றிக் கெடுத்துவிடுகிறது. துணைப்பொருள் இல்லாத நொதி சும்மா நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை. அது தொடர்ந்து ஓடுகிறது, ஆனால் நைட்ரிக் ஆக்சைடுக்குப் பதிலாகச் சூப்பர் ஆக்சைடை உமிழ்கிறது. காவல் நொதியே எதிரியின் உற்பத்திக்கூடமாக மாறும் இந்தச் சுழற்சி எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் கலக்கம் தருவது. ஒருமுறை சுழலத் தொடங்கினால் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது.

இனி கொலஸ்ட்ரால் பக்கம். பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவரும் எல்.டி.எல். கொலஸ்ட்ராலைச் செல்கள் எப்படி உள்ளே இழுக்கின்றன என்று கண்டறிந்து 1985இல் நோபல் பெற்றவர்கள். அவர்களை ஒரு புதிர் விடாமல் உறுத்தியது. பிறவியிலேயே எல்.டி.எல். ஏற்பி இல்லாத குழந்தைகள் உண்டு. அவர்களுக்குச் சிறு வயதிலேயே மாரடைப்பு வரும். அவர்களின் தமனிச் சுவரை வெட்டிப் பார்த்தால், கொழுப்பு நிரம்பி நுரைபோல் உப்பிய மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்கள் குவிந்திருக்கும். ஏற்பியே இல்லாத செல்லுக்குள் அவ்வளவு கொலஸ்ட்ரால் எந்த வாசல் வழியாகப் போனது? இன்னும் விசித்திரம், ஆரோக்கியமான மேக்ரோஃபேஜ்களை ஆய்வகத் தட்டில் வைத்து எவ்வளவு எல்.டி.எல். ஊற்றினாலும் அவை நுரை செல்லாக மாறுவதில்லை.

1979இல் எல்.டி.எல்.லை வேதிமுறையில் சற்று மாற்றி ஊற்றிப் பார்த்தார்கள். மேக்ரோஃபேஜ்கள் வாரி விழுங்கின. மாறிய எல்.டி.எல்.லுக்கு வேறொரு வாசல் இருந்தது. சாதாரண ஏற்பியைப் போல 'போதும்' என்று மூடிக்கொள்ளும் வழக்கம் அதற்கு இல்லை. ஆனால் அவர்கள் செய்த வேதிமாற்றம் உடலில் நடப்பதாகத் தெரியவில்லை. உடலில் நடக்கும் மாற்றம் எது என்பதைக் கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் டேனியல் ஸ்டைன்பர்க் குழு கண்டுபிடித்தது. எண்டோதீலியம் செல்களோடு எல்.டி.எல்.லை ஓர் இரவு விட்டுவைத்து, மறுநாள் எடுத்து மேக்ரோஃபேஜ்களுக்குக் கொடுத்தால் அவை விழுங்கின. அந்த இரவில் நடந்தது ஆக்சிஜனேற்றம் என்பதை 1984இல் நிறுவினார்கள். ஊடகத்தில் வைட்டமின் ஈ சேர்த்தால் மாற்றம் நடக்கவே இல்லை. இந்த ஒரு வரியில்தான் பின்னால் வந்த அத்தனை நம்பிக்கையும் கருக்கொண்டது. 1989இல் ஸ்டைன்பர்க், சம்பத் பார்த்தசாரதி உள்ளிட்ட ஐவர் எழுதிய கட்டுரை இந்தக் கருதுகோளை உலகெங்கும் உள்ள மருத்துவர்களிடம் கொண்டு சேர்த்தது. கொலஸ்ட்ரால் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, அது தமனிச் சுவருக்குள் ஆக்சிஜனேற்றம் அடைகிறதா என்பதையும் கேட்க வேண்டும் என்றது அது.

முயல்களும் ஒத்துழைத்தன. ஜப்பானின் கோபேயில் யோஷியோ வதனபே வளர்த்தெடுத்த ஒரு முயல் வம்சத்துக்குப் பிறவியிலேயே கொலஸ்ட்ரால் மிக அதிகம். புரோபுகால் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பு மருந்தை 1987இல் அவற்றுக்குக் கொடுத்தபோது தமனிப் படிவுகள் குறைந்தன.

ஆக, கோட்பாடு இருந்தது, விலங்குச் சான்று இருந்தது, செவிலியர்களின் கணக்கும் வந்து சேர்ந்தது. பிறகு ஏன்?

செவிலியர் ஆய்வின் குறையை முதலில் சொல்லிவிடலாம், அது சுருக்கமானது. தானாக விரும்பி வைட்டமின் வாங்கிச் சாப்பிடுபவர்கள் பெரும்பாலும் புகைக்காதவர்கள், நடப்பவர்கள், காய்கறி சாப்பிடுபவர்கள், வசதி உள்ளவர்கள். கணக்கில் எவ்வளவுதான் சரிக்கட்டினாலும் அந்த வேறுபாடு முழுதாக நீங்காது. சீட்டுக் குலுக்கிப் போட்டு யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று பிரித்த பெரிய ஆய்வுகள் வேறு பதில் சொன்னதற்கு இது ஒரு பெரிய காரணம். 2002இல் பிரிட்டனில் 20,536 பேரைப் பிரித்து, பாதிப்பேருக்கு வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் ஐந்து ஆண்டுகள் கொடுத்தார்கள். இரத்தத்தில் வைட்டமின் அளவு ஏறியது, நோய் இறங்கவில்லை. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேருக்கு நடந்த ஆய்வில் பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியது. ஹோப் ஆய்வை ஏழு ஆண்டுகள் வரை நீட்டித்தபோது, வைட்டமின் ஈ குழுவில் இதயச் செயலிழப்பு 13 சதவீதம் அதிகமாக இருந்தது.

உண்மையான காரணம் வேதியியலில் இருக்கிறது. அங்கே கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது.

புகைபிடிப்பவரின் முன்கைத் தமனிக்குள் நேரடியாக வைட்டமின் சி ஏற்றினால் என்ன ஆகும் என்று 1996இல் ஜெர்மனியில் பார்த்தார்கள். மங்கிப்போயிருந்த எண்டோதீலியம் விழித்துக்கொண்டது. அசிட்டைல்கோலினுக்குக் குழாய் நன்றாக விரிந்தது. ஆக்சிஜனேற்றத்தால்தான் அது முடங்கிக் கிடந்தது என்பதற்கு மனித உடலிலேயே கிடைத்த சான்று இது. ஆனால் தமனிக்குள் ஊசி வழியே போகும் அளவு எங்கே, மாத்திரை தரும் அளவு எங்கே? நைட்ரிக் ஆக்சைடை முந்திக்கொண்டு சூப்பர் ஆக்சைடைப் பிடிக்க வேண்டுமானால், வைட்டமின் சி நம் இரத்தத்தில் சாதாரணமாக இருப்பதைப்போல் நூறு மடங்குக்கும் மேல் இருக்க வேண்டும். வாயால் விழுங்கி அந்த அளவை எட்டவே முடியாது, சிறுநீரகம் மிஞ்சியதை வெளியே தள்ளிவிடும். வைட்டமின் ஈயோ கொழுப்பில் கரைவது. செல் சவ்விலும் எல்.டி.எல். துகளிலும் தங்குவது. நீர்ப்பகுதியில் ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் நடந்து முடியும் மோதலில் அதற்குப் பங்கே இல்லை. அதோடு, ஒரு ராடிக்கலைத் தடுத்த வைட்டமின் ஈ தானே ஒரு ராடிக்கலாகிறது. அதை மீட்டெடுக்கப் பக்கத்தில் வேறு மூலக்கூறு இல்லாவிட்டால், எல்.டி.எல்.லுக்குள் அதுவே ஆக்சிஜனேற்றத்தைத் தொடங்கி வைக்கவும் கூடும்.

இன்னும் ஆழமான பிழை ஒன்று உண்டு. ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை விளக்கும்போது எல்லோரும் இரும்பு துருப்பிடிப்பதைச் சொல்வார்கள். காற்றும் ஈரமும் பட்டுத் தானாக நடக்கும் சிதைவு, மேலே ஏதாவது பூசினால் தடுக்கலாம் என்ற படம் மனதில் பதிந்துவிடுகிறது. இரத்தக் குழாயில் நடப்பது அதுவல்ல. அங்கே சூப்பர் ஆக்சைடை உடல் திட்டமிட்டுத் தயாரிக்கிறது. வெள்ளணுக்களில் உள்ள என்.ஏ.டி.பி.எச். ஆக்சிடேஸ் என்ற நொதி கிருமிகளைக் கொல்லவே அதைச் செய்கிறது. அந்த நொதி பிறவியில் பழுதான குழந்தைகள் அடுத்தடுத்து கடுமையான தொற்றுகளில் விழுவார்கள். 1994இல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் கேத்தி கிரிண்ட்லிங் குழு, அதே வகை நொதி தமனித் தசைச் செல்களிலும் இருப்பதையும், ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் அதை முடுக்கிவிடுவதையும் காட்டியது. இரத்த அழுத்தத்தை ஏற்றுவதில் முன்நிற்கும் ஹார்மோன் அது. அழுத்தம், நீரிழிவு, புகை, அதிகக் கொலஸ்ட்ரால் என்று நாம் தனித்தனியே எண்ணும் அபாயங்கள் எல்லாம் குழாய்ச் சுவரில் இதே நொதியைத் தட்டி எழுப்புவதில் வந்து சந்திக்கின்றன.

அப்படியானால் செய்ய வேண்டியது, பிறந்த ராடிக்கலைத் துரத்துவதல்ல. பிறக்கும் இடத்தை அமர்த்துவது. இதற்கான சான்று ஹோப் ஆய்வுக்குள்ளேயே இருந்தது என்பதுதான் எனக்கு வியப்பு. அதே 9,541 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு, வைட்டமின் ஈ கிடைத்ததா இல்லையா என்பதைப் பொருட்படுத்தாமல், ராமிப்ரில் என்ற மருந்தும் கொடுக்கப்பட்டது. ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கும் மருந்து அது. ராமிப்ரில் குழுவில் 14.0 சதவீதம் பேருக்கும், அது கிடைக்காதவர்களில் 17.8 சதவீதம் பேருக்கும் மாரடைப்போ பக்கவாதமோ இதய மரணமோ நேர்ந்தது. பிரிட்டன் ஆய்விலும் அப்படியே. வைட்டமின்கள் கைவிட்ட அதே மனிதர்களை ஸ்டாட்டின் மாத்திரை காத்தது. இந்த மருந்துகளின் பலன் முழுவதையும் ஆக்சிஜனேற்றக் கணக்கில் எழுதிவிட முடியாது. ராமிப்ரில் அழுத்தத்தைக் குறைக்கிறது, ஸ்டாட்டின் எல்.டி.எல்.லைக் குறைக்கிறது, பெரும்பங்கு அவற்றுக்கே. ஆனாலும் இரண்டும் அந்த நொதியின் வேகத்தைத் தணிக்கின்றன. 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' என்ற சீட்டு ஒட்டாத இந்த இரண்டு மாத்திரைகள்தான் தமனிக்குள் ஆக்சிஜனேற்றத்தைக் குறைப்பதில் நம்மிடமுள்ள நல்ல கருவிகள் என்று நான் கருதுகிறேன்.

உடற்பயிற்சியையும் இங்கே சேர்க்க வேண்டும். நடக்கும்போதும் ஓடும்போதும் தசையில் ராடிக்கல்கள் கூடுகின்றன. அந்தச் சிறு ஏற்றமே செல்லுக்குக் கட்டளையாகி, தன் சொந்தத் தடுப்பு நொதிகளைப் பெருக்க வைக்கிறது. 2009இல் மைக்கேல் ரிஸ்டோ குழு ஜெர்மனியில் இளைஞர்களுக்கு நான்கு வாரப் பயிற்சி கொடுத்து, பாதிப்பேருக்கு வைட்டமின் சியும் ஈயும் தந்தது. இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது மாத்திரை சாப்பிடாதவர்களிடம்தான். ராடிக்கலை முழுதாக அடக்கிவிட்டால் பயிற்சியின் செய்தி செல்லுக்குப் போய்ச் சேர்வதில்லை. உடற்பயிற்சிக் கூடங்களில் பயிற்சி முடிந்த கையோடு இந்த மாத்திரைகளை விழுங்குவோர் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

இத்தனைக்கும் பிறகு, ஊட்டத்தைக் கொடுத்து இதயத்தைக் காப்பாற்றிய ஒரு வரலாறும் இருக்கிறது. சீனாவின் வடகிழக்கில் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில் கேஷான் என்றொரு வட்டம். 1935இல் அங்கே ஒரு கொடிய இதயத்தசை நோய் பரவலாகக் காணப்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் குழந்தைகளும் பிள்ளைபெறும் வயதுப் பெண்களும். வடகிழக்கிலிருந்து தென்மேற்கு வரை ஒரு பட்டைபோல் நீளும் கிராமங்களில் மட்டுமே அந்த நோய் இருந்தது. அந்த நிலத்தின் மண்ணில் செலினியம் மிகக் குறைவு. ஆகவே அங்கே விளைந்த தானியத்திலும் குறைவு, அதையே உண்ட மக்களின் இரத்தத்திலும் குறைவு. ஹைட்ரஜன் பெராக்சைடை அழிக்கும் குளுடாதயோன் பெராக்சிடேஸ் என்ற நொதியின் மையத்தில் இருப்பது செலினியம் அணு என்பது 1973இல்தான் தெரியவந்தது. அடுத்த ஆண்டே, தென்மேற்கில் சிச்சுவான் மாகாணத்து மியான்னிங் வட்டத்தில் குழந்தைகளுக்கு வாரம் ஒரு சோடியம் செலினைட் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை பெற்ற 4,510 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் வந்தது. பெறாத 3,985 பேரில் 54 பேருக்கு வந்தது. சில ஆண்டுகளில், இனி யாருக்கும் வெற்று மாத்திரை கொடுப்பது முறையல்ல என்று எல்லாக் குழந்தைகளுக்கும் செலினியம் கொடுத்தார்கள்.

இதே செலினியத்தை, வைட்டமின் ஈயையும் சேர்த்து, அமெரிக்காவில் 35,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் சோதித்த ஆய்வு ஒன்று பின்னாளில் நடந்தது. புராஸ்டேட் புற்றைத் தடுக்கத்தான் முக்கியமாக அது. இதய நோய் குறையவில்லை, புற்றும் குறையவில்லை. வைட்டமின் ஈ மட்டும் பெற்றவர்களிடம் புற்று 17 சதவீதம் கூடியது. அவர்கள் செலினியம் போதுமான அளவு உண்டுவந்தவர்கள். மியான்னிங் குழந்தைகளுக்கு இல்லாதது கிடைத்தது. இவர்களுக்கு ஏற்கெனவே இருந்ததன்மேல் இன்னும் கொட்டப்பட்டது.

பெரிய வைட்டமின் ஆய்வுகள் எதிலும் ஆளைச் சேர்க்கும் முன் அவருக்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் இருக்கிறதா, எந்தத் தடுப்பு குறைகிறது என்று அளந்து பார்க்கவில்லை. அளந்து சேர்த்த ஓர் ஆய்வு இஸ்ரேலில் நடந்தது. இரத்தத்தில் ஹாப்டோகுளோபின் என்றொரு புரதம் உண்டு. உடைந்த சிவப்பணுக்களிலிருந்து சிந்தும் ஹீமோகுளோபினைப் பிடித்து, அதிலுள்ள இரும்பு ஆக்சிஜனேற்றத்தைக் கிளறாமல் காப்பது அதன் பணி. சிலருக்குப் பரம்பரையாகவே அதன் வலுக்குறைந்த வடிவம் வாய்க்கிறது. '2-2' என்று குறிப்பார்கள். அந்த வடிவமும் நீரிழிவும் ஒன்றாக உள்ள 1,434 பேரை மட்டும் தேர்ந்து, பாதிப்பேருக்கு 400 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்தார்கள். ஹோப் ஆய்வில் கொடுத்த அதே அளவு. ஒன்றரை ஆண்டில் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்த்து வைட்டமின் குழுவில் 2.2 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 4.7 சதவீதம். வேறுபாடு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டு 2008இல் முடிவை வெளியிட்டார்கள்.

அப்படி இடையில் நிறுத்தப்படும் சிறிய ஆய்வுகள் பலனை மிகைப்படுத்திக் காட்டுவது வழக்கம் என்பதால், இதை வைத்து மருத்துவர்கள் வைட்டமின் ஈ எழுதித் தரக் கூடாது. 2022இல் அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு, இதய நோயைத் தடுக்க வைட்டமின் ஈயோ பீட்டா கரோட்டினோ எடுக்க வேண்டாம் என்றே மறுபடியும் பரிந்துரைத்தது. ஆனால் அடுத்த பெரிய ஆய்வை யாராவது நடத்துவதானால், அது இந்த வகை மனிதர்களை இரத்தப் பரிசோதனையில் தேடி எடுத்துத் தொடங்க வேண்டும். ஹாப்டோகுளோபின் வடிவத்தைக் கண்டறியும் சோதனை ஒன்றும் கடினமானதல்ல. நீரிழிவு நோயாளிகள் இவ்வளவு பேர் உள்ள இந்தியாவைவிட அதற்கு ஏற்ற இடம் எனக்குத் தோன்றவில்லை.